யன்னலை மறந்துவிட்டுப் போன அறை

தண்ணீரூற்று நபீஸா வீட்டின் சின்ன அறை பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றது. பத்தடிக்கு ஒன்பதடி, தலையில் தன் பங்கு ஓடுகள், முன்னால் நீலக் கதவு. வெயில் ஏறத் தொடங்கிய நேரம். சந்தியில் கச்சான் கடலை விற்கும் கமலாசனி தன் கூடையை அதன் நிழலுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, "நிழல் தாறதுக்கு இஞ்ச ஒரு மரமும் மிஞ்சேல்லை, இதாவது வந்துதே" என்று சொன்னதோடு சரி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகும் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் வழக்கம்போல, "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ, உள்ளுக்க நிறைய இடமிருக்கு" என்று கத்தினான். படியில் தொங்கிக்கொண்டு வந்த கிழவர் ஒருவர் அறையைக் காட்டி, "தம்பி, உன்ர பஸ்ஸைவிட உதுக்குள்ளதான் இடமிருக்கு" என்றார். சொன்னவர் இறங்கிப் போய் அதன் கட்டிலில் இருந்து அடுத்த பஸ் வரும்வரை கண்ணயர்ந்தார். அறையை ஏற்ற முடியாது என்று கொண்டக்டர் சொன்னது அதன் அளவுக்காக அல்ல. கட்டிலோடும் அலுமாரியோடும் வருகிறவர்கள் லொறிதான் பிடிக்கவேண்டும் என்பது அவன் கொள்கை.

உண்மையில் தண்ணீரூற்றிலிருந்து புத்தளம் போகிற எவரும் பரந்தனுக்கு வரமாட்டார்கள். நெடுங்கேணி வழியாக வவுனியாவுக்கு இறங்கிவிடுவார்கள். அறைக்கு அது தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது அவர்கள் போன வழியைப் பழைய வீடுகள் கண்டிருக்கும். அந்த வீடுகள் எதுவும் மிஞ்சவில்லை. இது மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டத்தில் கட்டிய அறை. இடம்பெயர்ந்து பழக்கமில்லாதது. ஆகவே அது வீட்டு வாசலில் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக வலப்பக்கம் திரும்பி, புதுக்குடியிருப்பு தாண்டி, விசுவமடுவில் ஒரு மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டு, தாரா வாத்து நடக்கிறமாதிரி ஆடி ஆடிப் பரந்தனுக்கு வந்து சேர்ந்தது.

நபீஸாவின் கணவர் ஸுஹைர் ஒருகாலத்தில் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு விசுவமடு வரை விற்றவர். தொண்ணூறில் போகும்போது எல்லாரும் ஏதோ ஒன்றை மறந்துவிட்டுப் போனார்கள். அவசரமாக இடம்பெயர்கிறவர்களின் வழக்கம் அது. ஸுஹைர் மூக்குக்கண்ணாடியை மறந்தார். நபீஸா அடுப்பில் வைத்த பாலை மறந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருஷம் போயிற்று. அங்கேதான் மகள் ஷிஹானா பிறந்தாள், படித்தாள், ஊர் என்றால் புத்தளம் என்று நினைத்து வளர்ந்தாள். யுத்தம் முடிந்து திரும்பிய நாளில் பற்றையை வெட்டிக்கொண்டு போனபோது குசினி இருந்த இடத்தில் அந்தப் பால் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது மிகைப்படுத்தல். இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான். நபீஸா அதில் சீனி போட்டுத் தன் கணவருக்குக் கொடுத்தார்.

வீட்டுத்திட்ட வீடு எல்லாருக்கும் ஒரே அச்சு: ஒரு ஹோல், ஒரு குசினி, ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, முற்றத்தின் கோடியில் கக்கூஸ். ஷிஹானாவின் நிக்காஹ் அந்த வீட்டில்தான் நடந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். சின்ன அறைக்கு நீலப் பெயின்ற் அடித்து, கட்டில் போட்டு, மாப்பிள்ளை அறை ஆக்கினார்கள். மாப்பிள்ளை சிறாஜுக்குப் புத்தளத்தில் ஹாட்வெயார் கடை. பதினைந்து நாள் அந்த அறையில் இருந்தார், கடை கூப்பிட்டது, ஷிஹானாவையும் கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வந்து படுத்துவிட்டுப் போவதுதான். மற்ற நாட்களில் நபீஸா அந்தக் கட்டிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் விரிப்பு மாற்றுவார். யாரும் படுக்காத விரிப்பை ஏன் தோய்க்கிறீர்கள் என்று கேட்டால், படுத்ததைத்தானா தோய்க்கவேண்டும் என்பார்.

பிறகு நபீஸாவின் முழங்கால்கள் கெட்டன. மாரி மழையில் ஒருநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளுச் செய்ய முற்றத்தில் இறங்கினவர் வாழையடியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் புத்தளத்திலிருந்து சிறாஜ் போனில் சட்டம் போட்டுவிட்டார்: "மாமா, இனிக் கதையில்ல. வீட்ட வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்ச வாங்க. எங்கட வீட்டில அற்றாச் பாத்ரூம் இருக்கு, மாமி கட்டில்ல இருந்து இறங்கினா பாத்ரூம்." ஸுஹைர் நபீஸாவைப் பார்த்தார். நபீஸா, "இருபது வருஷம் அங்க இருந்து இந்த மண்ணுக்காக அழுதன். இப்ப இஞ்ச இருந்து ஒரு பாத்ரூமுக்காக அங்க போறதா?" என்று கேட்டார். அதோடு ஸுஹைர் தீர்மானித்துவிட்டார். வீட்டுக்குள்ளே ஒரு பாத்ரூம் வராவிட்டால் நபீஸா இந்த ஊரில் இருக்க முடியாது. கிணறு இருக்கும் பக்கம் குழி வெட்டக்கூடாது, மற்றப் பக்கம் அடுத்தவர் வேலி. மிச்சமிருந்த ஒரே பக்கம் சின்ன அறை இருந்த பக்கம்.

வீடு ஷிஹானாவுக்கு எழுதவிருப்பது என்பதால் விலையையும் கேட்டு வைப்போம் என்று காணித் தரகர் சியாமைக் கூப்பிட்டார்கள். சியாம் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே வீட்டை மதிப்பிடக் கூடியவர். "நானா, ஒரு அறையப் பாத்ரூம் ஆக்கினா விலை கூடுமா குறையுமா எண்டு என்னட்டக் கேக்காதீங்க. வாங்கிற ஆள் ஆரெண்டு சொல்லுங்க, நான் சொல்றன். ஊர்ச் சனம் அறையத்தான் எண்ணும். கலியாணம் கட்டின பிள்ளையள் எத்தன பேர் படுக்கலாம் எண்டு பாக்கும். ஒரு அறை வீட்ட வீடெண்டே சொல்லாது. வெளிநாட்டுக்காரன் வந்தா அறையப் பாக்கமாட்டான், நேரப் பாத்ரூமத் துறந்து தண்ணிய இழுத்துப் பாப்பான்." ஸுஹைர் யோசித்து, "அப்ப பாதி அறைய எடுத்தா?" என்றார். சியாம் நெடுநேரம் வேலியைப் பார்த்துவிட்டு, அது நல்ல யோசனை என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பாதிதான் எடுப்பது என்று ஷிஹானாவிடமும் சொன்னார்கள். மற்றப் பாதியில் அவள் கட்டில் அப்படியே கிடக்கும். அவள் சரி என்றாள். விசுவமடுவிலிருந்து மூக்கன் என்ற மேசன் வந்தான். கைசுத்தமான வேலைக்காரன். வெளியே குழி வெட்டினான், அறைக்குள் கோடு போட்டான், கொமட்டை வைத்துச் சீமெந்து பூசினான். பின்னேரம் ஸுஹைர் வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கொமட் கிப்லாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தத் திசையைப் பார்த்துத் தொழுகிறோமோ அந்தத் திசையை முன்னாலோ பின்னாலோ வைத்துக் கக்கூஸில் இருக்கக்கூடாது என்பதை மூக்கனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் நாள் முழுக்க ஹோலில் விரித்திருந்த தொழுகைப் பாயை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தான்! "என்ன நானா பிழை? நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துத்தானே கும்பிடுறனீங்கள். நல்ல பக்கம் எண்டு மினைக்கெட்டுப் பாத்தெல்லோ வைச்சனான்." நபீஸா முதலில், "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்றார். பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு முழங்கால் வலிக்கும்வரை சிரித்தார். "அவரைப் பேசாதீங்கோ. அவர் மரியாதையாத்தான் வெச்சிருக்கிறார்."

கொமட்டை வடக்கே திருப்பினால் எழுப்பவிருந்த நடுச்சுவர் முழங்காலில் இடிக்கும். நபீஸாவின் முழங்காலுக்குத்தான் இத்தனையும். இரண்டு நாள் அளந்து பார்த்தும் வழியில்லை. முழு அறையும் போகவேண்டும்.

ஸுஹைர் ஷிஹானாவுக்குப் போன் எடுத்தார். அது சார்ஜில் கிடந்ததால் சின்ன அறைக்குள் நின்றபடியேதான் பேசினார்.

"முழுசா எடுக்கிறீங்களா? பாதி எண்டுதானே வாப்பா சொன்னீங்க?"

"மேசன் திசைய மாத்தி வெச்சிட்டான், மகள்."

"அப்ப நான் வந்தா எங்க படுக்கிற? கொமட்டுக்குப் பக்கத்திலயா?" பிறகு, "அந்த ஊர்ல எனக்கெண்டு ஒண்டும் இல்ல வாப்பா. பள்ளிக்கூடம் இல்ல, கூட்டாளி இல்ல. அந்த ஒரு அறைதான் இருந்த. அதுவும் இல்லாட்டி நான் விருந்தாளி. விருந்தாளி அடிக்கடி வரத் தேவையில்ல" என்று சொல்லி ஷிஹானா போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவும் இல்லை.

நபீஸா குசினியில் நின்று கேட்டார். அறையும் கேட்டது.

மறுநாள் விடிந்து சுபஹு முடிந்ததும் நபீஸா விரிப்பை மாற்றப் போனார். வெள்ளிக்கிழமை அது. போனவர் வாசலில் நின்று, "இஞ்ச ஒருக்கா வாங்கோ. அறையக் காணேல்ல" என்றார். ஸுஹைர் பாயில் இருந்தபடி, "நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அறை இருந்த இடத்தில் வெண்மணலில் பாயை விரித்து எடுத்தமாதிரி ஒரு தடம். நடுவில் கொமட்டைப் பக்குவமாக இறக்கி வைத்திருந்தது, சரியாக வடக்குப் பார்த்து. மூக்கன் வந்து, கொமட்டைப் பெயர்க்கிற வேலை மிச்சம் என்று சொன்னான். ஆனால் முற்றத்துப் பக்கம் நீல யன்னல் மாத்திரம் தன் பழைய உயரத்தில், சுவரில்லாமல், அந்தரத்தில் நின்றது. கம்பி போடாத யன்னல். வருகிற வருஷம் போடுவோம் என்று ஸுஹைர் வருஷாவருஷம் சொல்லிவந்தது. நபீஸா அதைத் தொட்டுப் பார்த்து, "பாவம், முதல்தரம் வெளிக்கிட்டதுதானே. அவசரத்தில இத மறந்திட்டுது" என்றார். வேறு யாருக்கும் அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

பரந்தனில் அறையைக் கிழவர் இறங்கியபிறகு ஒரு மணல் லொறிக்காரன் வெறும் லொறியில் ஏற்றிக்கொண்டான். ஓமந்தையில் முன்னர் எல்லாரையும் இறக்கிச் சோதித்த இடத்தில் இப்போது யாரும் மறிக்கவில்லை. வவுனியா பஸ் நிலையத்தருகே இறக்கிவிட்டபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மேனுகா என்ற பிள்ளை வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நல்ல காற்றோட்டம், கட்டில் இருக்கிறது, அலுமாரி இருக்கிறது என்று திருப்திப்பட்டு, பாத்ரூம் எங்கே என்று தேடினாள். இல்லை என்று கண்டதும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். சியாம் அங்கே இருந்திருந்தால் இதையும் ஒரு பாடமாக எடுத்திருப்பார். அங்கிருந்து புத்தளத்துக்கு வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து போனவர்களும் திரும்பி வந்தவர்களும் அந்த வீதியை அவ்வளவு தேய்த்திருந்தார்கள்.

புத்தளத்தில் அது ஷிஹானா வீட்டின் பக்கச் சுவரோடு முருங்கையடியில் ஒட்டி நின்றுகொண்டது. சிறாஜ் கடைக்கு வெளிக்கிட்டவர் அதைக் கண்டு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தாண்டிக் கட்டிவிட்டார் என்று நினைத்து மதிலுக்கு மேலால் சண்டையைத் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டு வந்த ஷிஹானா நீலக் கதவைக் கண்டாள். கொண்டியை எடுத்து உள்ளே போனாள். கட்டில் அப்படியே இருந்தது. போன வெள்ளிக்கிழமை மாற்றிய விரிப்பு, ஓரத்தில் மட்டும் யாரோ இருந்த சுருக்கத்தோடு. அலுமாரிக்குள் பூச்சி உருண்டை மணம். சுவரில் யன்னல் இருந்த இடத்தில் வெறும் துவாரம். காற்று வருகிறதே, மழை அடிக்குமே என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். அதற்கு அப்பால் சிறாஜின் மதில் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தது தண்ணீரூற்று முற்றம்.

புத்தளத்தில் வெயில். அங்கே தூறிக்கொண்டிருந்தது. நபீஸா கக்கூஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹோல் வாசலிலிருந்து உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி முடிந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அங்கிருந்து வாழைவரை பிடிக்க ஒன்றுமில்லை. கையை முன்னால் நீட்டி, ஒரு காலை இழுத்து, நின்று, மற்றக் காலை இழுத்து வாழையைப் பிடித்தார். அதைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு நாளும் போனில் கேட்ட குரலுக்கு இப்படி ஒரு நடை இருக்கும் என்று ஷிஹானா நினைத்ததேயில்லை.

"உம்மா!"

நபீஸா திரும்பினார். அந்தரத்தில் நின்ற யன்னலுக்குள் மகளின் முகம். "நீ எப்ப வந்த? சாப்பிட்டியா?"

"நான் வரல்ல உம்மா. நீங்க ஏன் வாழையப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க? நல்லா இருக்கன், நல்லா இருக்கன் எண்டுதானே ஒவ்வொரு நாளும் சொல்றீங்க?"

"போன்ல நல்லாத்தானே இருக்கன்" என்றார் நபீஸா.

ஷிஹானா யன்னலுக்குள்ளால் கையை நீட்டினாள். நபீஸா வாழையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். புத்தளத்து வெயிலில் சூடான கை. ஷிஹானா கையை விடாமல், "வாப்பாவக் கூப்பிடுங்க" என்றாள். ஸுஹைர் ஓடிவந்தார். "வாப்பா, முழுசாக் கட்டுங்க. கெதியாக் கட்டுங்க. சுவர்ல பிடிக்கிறதுக்குக் கம்பி வைக்கச் சொல்லுங்க, வாசல்ல படி வைக்க வேணாம். வுளுவுக்குத் தனியா ஒரு பைப், உம்மா குனியாத உயரத்தில."

அந்த யன்னலால் கை போகும், தட்டுப் போகும், ஆள் போகமுடியாது என்பது இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. சிறாஜ் தலையை விட்டுப் பார்த்தார், தோளில் இறுகிக்கொண்டது. சவர்க்காரம் போட்டு இழுத்து எடுத்தார்கள். மூக்கன் யன்னலை அப்படியே விட்டு ஒரு முழம் பின்தள்ளிச் சுவர் எழுப்பினான். முற்றத்திலிருந்து யன்னலுக்குள்ளால் பார்த்தால் அந்தச் சுவர் தெரியாது, ஷிஹானாவின் கட்டில்தான் தெரியும். அவள் வேலை முடியும்வரை யன்னலை விட்டு அசையவில்லை, உள்ளே பூசுவதை ஸுஹைர் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். "மூக்கன் அண்ணை, அந்த மூலையில தண்ணி நிக்கும், சரிவு காணாது." மூக்கன் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, "புத்தளத்தில இருந்துகொண்டு சரிவு பாக்கிற ஆளை நான் இப்பதான் காணுறன்" என்று முணுமுணுத்தான். ஆனால் மூலையை உடைத்துத் திரும்பப் பூசினான். முதல் பூச்சில் தண்ணீர் நிற்கத்தான் இருந்தது.

முதல்நாள் நபீஸா உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ஸுஹைர் பயந்து தட்டினார். "ஒண்டுமில்ல. சும்மா இருக்கிறன். நல்லாயிருக்கு" என்று பதில் வந்தது.

வீட்டை விற்றுத்தரும்படி சிறாஜ் முன்னொருநாள் சியாமிடம் சொல்லி வைத்திருந்தார். தரகரிடம் சொன்ன சொல் விதைத்த நெல்மாதிரி, விதைத்தவர் மறந்தாலும் முளைக்கும். சில மாதங்களில் சியாம் மரியநேசன் என்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கரையோரக் கத்தோலிக்க ஊரொன்றில் வலை இழுத்துவிட்டுக் கனடா போனவர், கடைசிக் காலத்துக்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். நேரே பாத்ரூமைத் திறந்து தண்ணீரை இழுத்துப் பார்த்தார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "உள்ளுக்க ஒண்டு, வெளியில ஒண்டு. நல்லது. ஒரு அறை எனக்குப் போதும்" என்றார். சியாமின் முகம் மலர்ந்தது. பிறகு மரியநேசன் முற்றத்துக்கு வந்து யன்னலுக்குள் பார்த்தார். ஒரு பெண் கட்டிலில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த யன்னலும் வீட்டோட சேர்த்தியோ?"

"யன்னல் சேர்த்தி" என்றார் சியாம். "அதுக்குள்ள இருக்கிற ஆக்கள் சேர்த்தியில்ல."

ஷிஹானா கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஸுஹைர் தலையைக் குனிந்துகொண்டார். நபீஸா வாசற்படியில் நின்றார். இந்த வீடு யாருக்கு எழுதவிருக்கிறதோ அவளுடைய வாயிலிருந்து வருவதுதான் முடிவு என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஷிஹானா மரியநேசனிடம் தேநீருக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டாள். போட்டுக்கொண்டு வந்து யன்னலால் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "குறை நினைக்காதீங்க அண்ணை. சியாம் நானா ஆள் தெரியாமக் கூட்டி வந்திட்டார். இது என்ட வீடு. விக்கிற எண்ணம் எனக்கில்ல."

மரியநேசன் வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "நான் என்ர பிள்ளைக்குக் கிட்டத்தான் வீடு தேடுறன், தங்கச்சி. அவள் கனடாவில. இப்பிடி ஒரு யன்னல் வேற எங்கயாவது இருந்தாச் சொல்லுங்கோ" என்றார். சியாம் தேடித் தருவதாகச் சொன்னார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஊரில் அதன்பிறகு யார் அறையைப் பாத்ரூம் ஆக்கினாலும் சியாமிடம்தான் கேட்பார்கள். ஒரு அறை குறைந்தால் இவ்வளவு இறங்கும், ஒரு பாத்ரூம் கூடினால் இவ்வளவு ஏறும் என்று விரல் மடித்துச் சொல்லுவார். ஸுஹைர் வீட்டைக் கேட்டால் மட்டும் விரலை விரித்துவிடுவார். சிறாஜ் தன்பங்குக்கு, செலவில்லாமல் ஒரு அறை கூடியதால் புத்தளத்து வீட்டின் விலை ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்தார். பெருநாளுக்கு அவர்கள் வழக்கம்போல நெடுங்கேணி பஸ்ஸில் வருகிறார்கள். ஷிஹானா ஹோலில் தாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். அறை இல்லையே என்று யாராவது கேட்டால், விருந்தாளிக்குத்தான் அறை வேண்டும் என்கிறாள்.

மற்ற நாட்களில் எல்லாம் யன்னலோடு சரி. வெள்ளிக்கிழமைகளில் ஷிஹானா விரிப்பைக் கழற்றி நீட்டுவாள், நபீஸா இங்கே தோய்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பார். புத்தளத்துத் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது. நபீஸா மிளகாய் வறுக்கும்போது யன்னலைச் சாத்த மறந்துபோனால் புத்தளத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தும்முவார்கள். தொடக்கத்தில் மதிலுக்கு மேலால் சத்தம் போட்டார்கள். இப்போது தும்மிவிட்டு, தண்ணீரூற்றில் இன்றைக்கு என்ன கறி என்று கேட்கிறார்கள்.